படகுக்கு ஒரு மூளை

அந்தக் குடும்பத்தில் யாருக்கும் ளகரம் வராது. நாக்கை மடித்து மேலே தொடச் சொன்னால் அது பாதி வழியிலேயே படுத்துவிடும். பள்ளிக்கூடம் அவர்கள் வாயில் பல்லிக்கூடம். தண்ணீர் ஏறினால் அத்தான் கரையில் நின்றுகொண்டு "வெல்லம் வருது, வெல்லம் வருது" என்று கத்துவார். புதிதாக வந்தவர்கள் பாத்திரம் கொண்டு வரலாமா என்று யோசிப்பார்கள். அவர்கள் பேச்சை இங்கே ஒழுங்கான எழுத்தில் போட்டிருப்பது படிக்கிறவர்களின் வசதிக்காக. ஒரே ஒரு சொல்லை மட்டும் அவர்கள் சொன்னபடியே விட்டாக வேண்டும்.

இந்தக் குறையால் அதுவரை யாருக்கும் கெடுதல் வந்ததில்லை. படகு விஷயத்தில்தான் வந்தது.

அத்தானுடையது ஃபைபர் படகு. துறைமுக வாயின் இந்தக் கரையிலிருந்து அக்கரைக்கு வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்குவது அவர் பிழைப்பு. நடுவில் கப்பல்கள் போகிற ஆழமான கால்வாய். மூட்டம் போட்டிருந்த ஒரு காலையில் ஒரு சரக்குக் கப்பல் அவர் படகை உரசாத குறையாகக் கடந்து போயிற்று. போன உயிர் திரும்பி வந்ததும் அத்தான் நேராகத் துறைமுகக் கோபுரத்தில் ஏறிச் சண்டை போட்டார். அங்கே ரேடார் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் அதிகாரியை எல்லோரும் கோபுரத்து மேடம் என்பார்கள். அந்த அம்மாள் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலேயே பதில் சொன்னார்.

"உங்க படகே எங்க திரையில இல்லையே."

"இல்லையா? ஜன்னல் வழியா பாருங்க மேடம், அதோ நிக்குது."

"ஜன்னல்ல இருக்கு. திரையில இல்ல. மூட்டத்துல கப்பல்காரன் ஜன்னலைப் பாக்க மாட்டான், திரையைத்தான் பாப்பான்."

சண்டை போடப் போனவர் உத்தரவு ஒன்றை வாங்கிக்கொண்டு திரும்பினார். வருகிற சனிக்கிழமை காலை சோதனை. படகு கால்வாயில் ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். சுற்று முடிகிறவரை கோபுரத்துத் திரையில் அதன் புள்ளி மறையாமல் நிற்க வேண்டும். மறைந்தால் கால்வாயைக் கடக்கிற அனுமதி ரத்து. அதன் பிறகு அத்தான் இந்தக் கரை ஓரமாகவே படகோட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் ஏறின கரையிலேயே இறங்குவதற்கு யார் படகேறுவார்கள்?

அத்தான் சும்மா இருக்கிற ஆளில்லை. உலோகம் இருந்தால் ரேடாருக்குத் தெரியும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மறுநாளே வீட்டிலிருந்த எவர்சில்வர் பாத்திரங்களை எல்லாம் படகுக் கம்பத்தில் கட்டித் தொங்கவிட்டார். குடம், குண்டான், மூடிகள், கரண்டிகள். படகு அசைந்ததும் ஒரு பாத்திரக் கடையே மாடிப்படியில் உருளுகிற மாதிரி சத்தம். கால்வாய்க்குப் பக்கத்தில் போய்க் கோபுரத்துக்கு ஃபோன் போட்டார்.

"மேடம், இப்ப தெரியுதா?"

"தெரியல. கேக்குது," என்றார் மேடம்.

கிண்டக் கரண்டி இல்லாமல் அத்தானின் மனைவி அக்கா கரையில் வந்து நின்றிருந்தாள். அவளும் கொஞ்சம் கேட்கும்படியாகத்தான் பேசினாள்.

அக்காவின் தங்கை அந்த வீட்டில்தான் இருந்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். பகலில் ஜெராக்ஸ் கடையில் வேலை, சாயங்காலம் மின்னணுவியல் வகுப்பு. எதையும் சரிபார்ப்பாள், சரிபார்த்தது சரிதானா என்று மறுபடி சரிபார்ப்பாள். கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போனவள் திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாள். இழுத்ததில் திறந்துகொண்டிருக்குமோ என்று இன்னொரு முறை வருவாள். அந்த வாரம் அவள் வகுப்பில் நடந்த பாடம், உலோகப் பொருள்கள் மின்காந்த அலைகளை எப்படிச் சிதறடிக்கின்றன என்பது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தனக்கு ஒன்று தெரியும், அது இந்த வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியது சரிதானா என்று இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சாப்பிடும்போது வாயைத் திறந்தாள்.

"அத்தான், ரேடார் அலை ஃபைபருக்குள்ள புகுந்து அந்தப் பக்கம் போயிடும். அதான் படகு தெரியல. உலோகத்துல பட்டா புகாது, சிதறும். ஆனா எந்தப் பக்கமா சிதறுதுங்கறதுதான் விஷயம். குடம் உருண்டை. அதுல பட்டது நாலா பக்கமும் தெறிச்சுப் போயிடும். கோபுரத்துக்குத் திரும்பறது துளியூண்டு."

"அப்ப தட்டையா ஒரு தகடு வெச்சா?"

"அது கண்ணாடி மாதிரி. கோபுரத்துக்கு நேரா நின்னா பளிச்சுனு தெரியும். கொஞ்சம் சாஞ்சா அலை வேற எங்கயோ போயிடும். உங்க படகு ஆடாம நிக்குமா?"

"ஆடாம நின்னா அதுக்குப் பேர் படகா?"

"அதான் சொல்றேன், மூலை வேணும்."

சொல்லிவிட்டு அக்கா குழந்தையின் ரப்பர் பந்தை எடுத்தாள். சமையலறையில் இரண்டு சுவரும் தரையும் சேருகிற மூலையைப் பார்த்து எறிந்தாள். பந்து தரையில் பட்டு, ஒரு சுவரில் பட்டு, அடுத்த சுவரில் பட்டு, சொல்லிவைத்த மாதிரி அவள் கைக்கே வந்து சேர்ந்தது. எல்லோரையும்விட அவளுக்குத்தான் ஆச்சரியம். தற்செயலாக இருக்குமோ என்று மறுபடி எறிந்தாள். மறுபடியும் வந்தது. மூன்றாவது முறை கை தவறிப் பால் பாத்திரத்தில் பட்டு ஜன்னல் வழியாகத் தெருவுக்குப் போய்விட்டது.

"பாத்தீங்களா, உருண்டையில பட்டா எங்கயோ போயிடுது," என்றாள் சமாளித்துக்கொண்டு. "மூணு தகடு ஒண்ணுக்கொண்ணு நேர்கோணமா சேரணும். அந்த மூலைக்குள்ள எந்தப் பக்கத்துலேர்ந்து அலை வந்தாலும், வந்த வழியே திருப்பி அனுப்பிடும்."

"உங்க அத்தான் மாதிரின்னு சொல்லு," என்றாள் அக்கா, சிந்தின பாலைத் துடைத்துக்கொண்டே. "எதைச் சொன்னாலும் சொன்னவங்க மேலயே திருப்பி விட்டுடுவாரு."

இப்படிப்பட்ட மூலையைக் கடையிலிருந்து வரவழைக்க நாள் பிடிக்கும். ஆனால் அக்கரையில் பெரியப்பா இருந்தார். தகடு வேலைப் பட்டறை வைத்திருக்கிறவர். காற்றுக்குழாய், தண்ணீர்த் தொட்டி, புனல் எதுவானாலும் அவர் கையில் தகடு சொன்ன பேச்சைக் கேட்கும். சின்னவள் அவருக்கு ஃபோனில் செய்தி எழுத உட்கார்ந்தாள். முதலில் சரியாகத்தான் எழுதினாள். பிறகு 'பளபளப்பான' என்ற சொல்லில் சந்தேகம் வந்து அகராதியைப் பார்த்தாள். இரண்டு ளகரமும் சரியாக இருந்தன. அது தந்த தைரியத்தில் செய்தியை முதலிலிருந்து படித்தபோது, அதில் ஒரு சொல்லின் நடுவில் நின்ற ஒரு லகரம் அவள் கண்ணை உறுத்தியது. வாயில் வராத எழுத்தைக் கையாவது விடாமல் பிடிக்கட்டும் என்று அதையும் திருத்தினாள். போன செய்தி இது:

'பெரியப்பா, அத்தான் படகுக்கு ஒரு மூளை தேவை. பளபளப்பான தகட்டில் செய்யவும். மூன்று பாகமும் கச்சிதமாகச் சேர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்.'

கொஞ்ச நேரத்தில் பெரியப்பா கூப்பிட்டார். பின்னால் பட்டறை இரைச்சல்.

"மூலையா கேட்டிருக்க?"

"ஆமா பெரியப்பா, மூலைதான்."

"உங்க அத்தான் படகுக்கா?"

"படகுக்குத்தான். அது இல்லாமத்தான் அத்தான் மாட்டிக்கிட்டாரு."

"அது இல்லேங்கறது எனக்குக் கல்யாணத்தன்னிக்கே தெரியும்," என்றார் பெரியப்பா. "மூணு பாகம்னு போட்டிருக்க. புஸ்தகத்துல இருக்கிற அதே மூணுதானே?"

அவள் நினைத்தது அவள் வகுப்புப் புத்தகத்தை. அவர் மடியில் விரித்து வைத்திருந்தது பேத்தியின் அறிவியல் புத்தகம். பெருமூளை, சிறுமூளை, முகுளம்.

"ஆமா பெரியப்பா, புஸ்தகத்துல இருக்கிற மாதிரியே."

"எவ்ளோ பெருசு?"

"பெருசா இருந்தா ரொம்ப நல்லது. மடிப்பு மட்டும் சுத்தமா இருக்கணும். எல்லாமே அதுலதான் இருக்கு."

"மடிப்பை எங்கிட்ட விடு," என்றார் பெரியப்பா. குரலில் ஒரு குஷி இருந்தது. இத்தனை காலம் புனலும் தொட்டியும் செய்தவரிடம் முதல் தடவையாக ஒருவர் மூளை கேட்டிருக்கிறார்.

வெள்ளிக்கிழமை இருட்டுகிற நேரத்துக்குக் கடைசிப் படகில் வந்து இறங்கினார். கையில் சதுரமான ஒரு தகரப் பெட்டி. குழந்தையைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையாலும் அணைத்து எடுத்து வந்தார். "வழியில நசுங்கிடக் கூடாதுன்னு சும்மா அவசரத்துக்கு அடிச்ச பெட்டி," என்று அதைத் திறந்து, உள்ளேயிருந்த துணிமூட்டையை மேசைமேல் வைத்து, துணியை விலக்கினார்.

மூளை. இரண்டு அரைக்கோளம், நடுவில் பள்ளம், மேலெல்லாம் வளைந்து நெளிந்து ஓடுகிற மடிப்புகள், பின்புறம் சிறுமூளைக்கு என்று தனியாகப் பொடி வரிகள், கீழே முகுளம். எல்லாம் சுத்தியலால் தட்டித் தட்டியே எழுப்பியது. ஓரிடத்தில்கூடத் தகடு கிழியவில்லை. விளக்கு வெளிச்சம் அதில் பட்டுச் சுவர், கூரை, அக்காவின் கன்னம் என்று அறை முழுக்கப் பொட்டுப் பொட்டாகத் தெறித்தது. சின்னவள் அந்தப் பொட்டுகளை ஒவ்வொன்றாகச் சரிபார்த்தாள். ஒன்றுகூட விளக்கின் பக்கம் திரும்பிப் போகவில்லை.

"முகுளத்துல போல்ட்டுக்கு ஓட்டை போட்டிருக்கேன். நேரா கம்பத்துல ஏத்திடலாம்," என்றார் பெரியப்பா.

அக்காதான் முதலில் பேசினாள். "பெரியப்பா, இது ஆட்டு மூலையா, மனுஷ மூலையா?"

"உன் புருஷனுக்குன்னு கேட்டிருந்தா ஆடே போதும். படகுக்குன்னதால மனுஷ மூலை."

"பெரியப்பா," என்றாள் சின்னவள். "நான் கேட்டது மூலை."

"அதான் மூலை."

"இது மூலை இல்ல பெரியப்பா, மூலை!"

"இது மூலை இல்லேன்னா எதும்மா மூலை?"

"ரெண்டு பேரும் ஒண்ணைத்தானே சொல்றீங்க, அப்புறம் எதுக்குச் சண்டை?" என்றார் அத்தான்.

சின்னவள் அறையின் மூலையைக் கையால் காட்டினாள். பெரியப்பா உற்றுப் பார்த்தார். "தொடப்பமா?" என்றார். அவள் கூரையின் மூலையைக் காட்டினாள். "ஒட்டடையா?" என்றார். கடைசியில் அவளுக்குப் பளிச்சென்று ஒன்று நினைவுக்கு வந்தது.

"உங்க மூலைமட்டத்துல இருக்கே பெரியப்பா, அந்த மூலை!"

தகட்டில் நேர்கோணம் பார்க்கிற கருவி அது. தகடு வேலைக்காரர் பையில் இல்லாமல் இருக்காது. பெரியப்பா அதை எடுத்துப் பார்த்தார். மூளையைப் பார்த்தார். மறுபடி மூலைமட்டத்தைப் பார்த்தார். நாற்காலி இருக்கிறதா என்று பார்க்காமலே உட்கார்ந்தார், நல்லவேளை, இருந்தது.

சின்னவள் தன் ஃபோனில் பழைய செய்தியைத் திறந்தாள். ளகரம் அழகாக, முழுதாக, சரியாக அடிக்கப்பட்டிருந்தது. "நான்தான் திருத்தினேன்," என்றாள். அழுகை வந்தது. அழுகிற நேரமா இது என்ற சந்தேகமும் கூடவே வந்ததால் அழவில்லை.

"உலோகம்னா சிதறடிக்கும்னு நீதானே சொன்ன?" என்றார் பெரியப்பா, விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

"சிதறடிக்கும் பெரியப்பா. இதைவிட நல்லா எதுவுமே சிதறடிக்காது. அதான் பிரச்சினை."

பட்டறையும் தகடும் அக்கரையில். இருட்டினால் கால்வாயைக் கடக்கக் கூடாது என்பது பழைய உத்தரவு. விடிந்தால் சோதனை. வேறு வழியில்லாமல் மறுநாள் காலை மூளை கம்பத்தில் ஏறியது. அதன் பக்கத்தில் இருந்தாக வேண்டும் என்று பெரியப்பாவும் படகில் ஏறினார். சின்னவள் கோபுரத்துக்குப் போனாள், மேடத்துக்கு விளக்க நேர்ந்தால் உதவட்டும் என்று பையில் ரப்பர் பந்தோடு.

மேடம் ஜன்னல் வழியாகப் படகை ஒரு முறை பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். திரைக்குத் திரும்பினார்.

"தெரியுது," என்றார். சின்னவள் எழுந்து நின்றாள்.

"இல்ல." உட்கார்ந்தாள்.

"தெரியுது. இல்ல. இல்ல. தெரியுது." மேடம் நிமிர்ந்தார். "உங்க படகு யோசிச்சு யோசிச்சு தெரியுதும்மா."

அலையில் படகு புரளும்போது ஏதோ ஒரு மடிப்பு கோபுரத்தைப் பார்க்கும். அந்த நொடி மட்டும் புள்ளி. அடுத்த புரளலில் அந்த மடிப்பு வானத்தைப் பார்க்கும், புள்ளி போய்விடும்.

"இதுக்கு நான் கையெழுத்துப் போட முடியாது," என்றார் மேடம். "மத்தியானம் டியூட்டி முடிஞ்சு நான் எழுந்திருக்கிற வரைக்கும் டைம். வேற ஏதாவது இருந்தா வெச்சுட்டு வாங்க."

படகுத்துறையில் யாரும் யாரையும் பார்க்கவில்லை. அத்தான் கயிற்றைக் கட்டி, அவிழ்த்து, மறுபடி கட்டினார். அக்கரைக்குப் போய்ப் பட்டறையில் தகடு எடுத்து வர நேரமில்லை. வேலைக்குப் போகக் காத்திருந்த கூட்டமோ வேறு படகு பார்த்துக்கொண்டு கலைய ஆரம்பித்திருந்தது. "இந்தக் கரையிலயே மீன் பிடிக்கலாம்," என்றார் அத்தான். அவருக்கு மீன் நாற்றம் ஆகாது என்பது எல்லோருக்கும் தெரியும்.

சின்னவள் கை எதையாவது செய்ய வேண்டும் என்று பந்தை எடுத்துத் தரையில் தட்டினாள். அது நழுவி, மூடி திறந்து கிடந்த பெரியப்பாவின் தகரப் பெட்டிக்குள் விழுந்தது. டங், டங், டங். திரும்ப அவள் கைக்கே வந்தது.

அவள் மறுபடி எறிந்தாள். டங், டங், டங். வந்தது. வேறு பக்கத்திலிருந்து எறிந்தாள். வந்தது.

"பெரியப்பா, இந்தப் பெட்டி எனக்கு வேணும்."

"பெட்டியா? அது சும்மா பேக்கிங்கும்மா!" ராத்திரி முழுக்க வராத கோபம் இப்போது வந்தது. "நாலு நாள் உசிரைக் குடுத்துத் தட்டினது கம்பத்துல நிக்குது. கால் மணியில அடிச்ச டப்பா வேணுங்கற!"

"அதுல மூலை இருக்கு பெரியப்பா!"

"இதுலயும்தான் இரு..." என்று கம்பத்தைக் காட்டத் தூக்கிய கை அப்படியே நின்றது. பெட்டியைப் பார்த்தார். குனிந்து உள்ளே மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தார். மயிரிழை வெளிச்சம்கூட இல்லை. அவசரத்தில் அடித்தாலும் அவர் கைக்குக் கோணல் தெரியாது.

"மூணு தகடு போதும்," என்றாள் சின்னவள். "மூணும் நடுவுல ஒண்ணை ஒண்ணு குறுக்கா வெட்டிக்கிட்டு நிக்கணும். அப்ப எட்டு மூலை கிடைக்கும். படகு எப்படித் திரும்பினாலும் ஏதாவது ஒரு மூலை கோபுரத்தைப் பாக்கும். ஆனா கோணம் துளி பிசகினாலும் போச்சு. சரியா இருக்குமா?"

"என் மூலைமட்டத்தையே சந்தேகப்படறியா?"

"அதை இல்ல பெரியப்பா. நான் சொன்னதைத்தான்."

தகடு வெட்டுகிற கத்தரி பெரியப்பாவின் பையிலேயே இருந்தது. பெட்டி பிரிந்தது. ஒரு தகட்டில் பாதிவரை பிளவு, அதற்குள் இன்னொரு தகடு, மூன்றாவதைத் துண்டாக்கி இடையில் செருகி ஆணி அடித்தார். அவர் அடிக்க அடிக்க அவள் ஒவ்வொரு மூலையிலும் மட்டம் வைத்துப் பார்த்தாள். எட்டையும் பார்த்து முடித்து மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தாள். அன்றைக்கு அதை யாரும் கேலி செய்யவில்லை. அத்தான் மூளையைக் கம்பத்திலிருந்து இறக்கி, எங்கே வைப்பது என்று தெரியாமல், படகின் மூக்கான முன்னணியத்தில் கயிறு கட்டும் குமிழ்மேல் கவிழ்த்தார். அதற்கென்றே செய்த மாதிரி உட்கார்ந்துகொண்டது.

மேடம் கைப்பையை மூடிவிட்டிருந்தார். படகு கிளம்புவதைப் பார்த்து மறுபடி திறந்தார்.

மறுபடி கோபுரத்துக்கு ஓடி வந்த சின்னவள் இந்த முறை உட்காரவே இல்லை. திரையில் ஒரு புள்ளி வந்தது. சிறியதாக இல்லை, பக்கத்தில் நின்ற இழுவைக் கப்பலுக்குச் சரியாக, கொழுத்த புள்ளி. படகு திரும்பியது. இருந்தது. கால்வாய் அலையில் புரண்டது. இருந்தது. சுற்றி வந்து முதுகைக் காட்டியது. அப்போதும் இருந்தது. புள்ளி நகர நகர அவள் கழுத்தும் கூடவே நகர்ந்தது.

மேடம் வயர்லெஸ்ஸை எடுத்தார். "கம்பத்துல என்ன வெச்சிருக்கீங்க? சான்றிதழ்ல எழுதணும்."

"மூலை மேடம், மூலை!" என்று அத்தானும் பெரியப்பாவும் சேர்ந்து கத்தினார்கள்.

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். முன்னணியத்தில் வெயில் பட்டு எதுவோ பளபளத்தது. தலையை ஆட்டிக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். சின்னவள் அதை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். அவள் சரிபார்க்காமல் பையில் வைத்த முதல் தாள் அது.

வீட்டுக்கு வந்துதான் பிரித்தாள். 'மேற்படி படகில் மூளை பொருத்தப்பட்டுள்ளதும், அது நல்ல முறையில் வேலை செய்வதும் சோதனையில் உறுதி செய்யப்பட்டன.'

"ஐயோ," என்றாள். "இப்பவே போய்த் திருத்திட்டு வந்துடறேன்."

"திருத்தினது போதும்!" என்று மூன்று குரல் ஒன்றாகக் கேட்டது.

அத்தான் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இன்னொரு முறை சத்தமாகப் படித்தார். "பாத்துக்கோ," என்றார் அக்காவிடம். "முத்திரையோட குடுத்திருக்காங்க."

"நல்லா பாருங்க. படகுக்குத்தான் குடுத்திருக்காங்க."

பெரியப்பா எல்லோரையும்விட நிதானமாக இருந்தார். "நாளைப்பின்ன ஆய்வுக்கு ஆள் வருவாங்க," என்றார். "தாள்ல எழுதியிருக்கிறது படகுல இல்லேன்னா அனுமதி ரத்து ஆயிடும். என் மூலையும் படகுலயே இருக்கட்டும். அதான் முறை." சொல்லிவிட்டு, முன்னணியத்துக்கு எந்த அளவு போல்ட் பொருந்தும் என்று அத்தானிடம் கேட்டார்.

அடுத்த தடவை மூட்டம் போட்டபோது சரக்குக் கப்பல் தூரத்திலேயே ஊதி விலகிப் போயிற்று. கம்பத்து உச்சியில் எட்டு மூலை, முன்னணியத்தில் ஒரு மூளை. வேலைக்குப் போகிறவர்களில் புதிதாக ஏறின ஒருவர் மேலே பார்த்து, கீழே பார்த்து, அத்தானைக் கேட்டார்.

"அண்ணே, இது என்னதுண்ணே?"

"மூலை," என்றார் அத்தான்.

"எது, மேல இருக்கிறதா, முன்னாடி இருக்கிறதா?"

"ரெண்டும்தான்."

பின்னால் உட்கார்ந்திருந்த சின்னவள் எழுந்து வந்து, இரண்டின் போல்ட்டையும் ஒரு முறை திருகிப் பார்த்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். பிறகு மறுபடி எழுந்து வந்தாள்.